சைலன்சர் மாற்றிய பிறகு மிஸ் அடித்த புல்லட்: மூன்று வாரக் குறிப்பு

நேற்று மாலை வண்டி மூன்றாவது கியரில், ஆக்சிலேட்டரைக் கால்வாசி மட்டும் திருகி வைத்திருந்தபோது, ஒரு மிஸ் கூட இல்லாமல், அதாவது இன்ஜின் ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடாமல், சீராக ஓடியது. ஆக்சிலேட்டரை விட்டபோதும் சைலன்சரில் வெடிச் சத்தம் இல்லை. இந்த இரண்டுக்காகவும்தான் மூன்று வாரமாக மாலை நேரம் முழுவதையும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்தேன். எங்கே தப்புப் பண்ணினேன், எது உண்மையில் வேலை செய்தது என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. 346 சிசி, வலது பக்கம் கியர், சி.பி. பாயிண்ட் இக்னிஷன் (இரண்டு உலோக முனைகள் திறக்கும்போது பிளக்கில் பொறி வரும் பழைய முறை), மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். இன்ஜின் நல்ல நிலையில்தான் இருந்தது. பழைய சைலன்சர் உள்ளுக்குள்ளே துருப்பிடித்து, உள்தகடு கழன்று, ஐட்லிங்கில் டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போலச் சத்தம் போட்டது. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பும் அடிப்பக்கம் அரித்துப்போயிருந்தது. அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றலாம் என்று புது பெண்ட் பைப் ஒன்றும், நடுவே துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும் வைத்த நேர்வழி சைலன்சர் ஒன்றும் வாங்கினேன்.

பழைய பைப்பைக் கழற்றுவதுதான் கடினமாக இருந்தது. இந்த இன்ஜினில் பெண்ட் பைப் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) எக்சாஸ்ட் வாய்க்குள் சும்மா செருகித்தான் நிற்கிறது, போல்ட்டு கிடையாது. பல வருடக் கரி பிடித்து வெல்டு வைத்தது போல ஒட்டியிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மரச்சுத்தியால் இடமும் வலமுமாகத் தட்டித் தட்டி ஆட்டித்தான் எடுத்தேன். புதியது அதற்கு நேர்மாறாக, கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு காரியமும் செய்தேன். வண்டியைப் பிரித்ததுதான் பிரித்தோம், கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று அதே நாளில் அதையும் எடுத்து, கிளீனர் அடித்து, ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) எல்லாம் ஊதி, திருப்பி மாட்டினேன். கார்புரேட்டரை ஹெட்டோடு சேர்க்கும் தட்டை முகமான ஃபிளாஞ்சின் இரண்டு நட்டையும் "இறுக்கமாக இருக்கட்டும்" என்று நன்றாகவே முடுக்கினேன்.

முதல் கிக்கிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருமுனை வரை நன்றாகத்தான் இருந்தது. இன்ஜின் சூடானதும் ஆரம்பித்தது. ஒரே வேகத்தில் ஓட்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல வண்டி முன்னும் பின்னும் இழுத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடித்தது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் தானே ஏறியது, குறைத்தால் நின்றுபோனது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை.

வெள்ளை பிளக், வெடிச் சத்தம், காற்றோட்டம் அதிகமுள்ள புது சைலன்சர். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் பெட்ரோல் போதவில்லை, மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் பிறருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். கார்புரேட்டரில் இருந்தது 90 நம்பர் ஜெட், நம்பர் கூடினால் துளை பெரிது. 100 போட்டேன், ஒன்றும் மாறவில்லை. 110 போட்டேன். முழு ஆக்சிலேட்டரில் வண்டி திணறி, பின்னால் கறுப்புப் புகை விட்டது. ஆனால் கால்வாசியில் இழுப்பு அப்படியே, கையை விட்டால் வெடிப்பும் அப்படியே.

அப்போதுதான் ஆக்சிலேட்டர் எந்த அளவில் இருக்கும்போது கார்புரேட்டரின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால்வாசி வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டர் கேபிள் மேலே தூக்கும் உருளை) அடியில் உள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட்டின் ராஜ்ஜியம். என் தொந்தரவு முழுவதும் கால்வாசியிலும் மூடிய நிலையிலும் இருந்தது. நான் மாற்றிக்கொண்டிருந்ததோ முக்காலுக்கு மேல் பேசும் பகுதியை.

இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன், அது கடைசி வரை உதவியது. ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் சுவிட்ச் கூட்டின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப், பிடியின் ஓரத்தில் இன்னொரு துண்டு. முழுக்கத் திருகி ஒரு கோடு, மூடி ஒரு கோடு, நடுவே கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடுகள். ஓட்டும்போது "கொஞ்சம் திருகினால் மிஸ் ஆகிறது" என்று நினைத்துக்கொள்வதற்கும் "சரியாகக் கால் கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் நடுவே மிஸ் ஆகிறது" என்று தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என் கையின் கணக்கு எவ்வளவு தவறு என்பதும் அதில்தான் தெரிந்தது. நான் பாதி என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தது உண்மையில் கால்வாசி.

அடுத்த வாரம் இக்னிஷன் பக்கம் போனேன். சி.பி. பாயிண்ட் இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.5 மி.மீ. காட்டியது. 0.35 முதல் 0.40 வரை இருக்க வேண்டும். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். மெல்லிய அரத்தால் தேய்த்து 0.38க்கு வைத்தேன். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், நகரும், குறைத்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும் என்பதால், 350க்குச் சொல்லப்படும் 0.8 மி.மீ. கணக்குப்படி, பிஸ்டன் உச்சிக்கு அவ்வளவு முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கிறதா என்று சிறு பல்பு வைத்துத் திரும்பப் பார்த்துச் சரிசெய்தேன். பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றினேன். டேப்பட் இடைவெளி கூடப் பார்த்தேன்: குளிர்ந்த இன்ஜினில், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அது சரியாகவே இருந்தது. இத்தனையும் முடித்து ஓட்டினால், ஸ்டார்ட்டிங் முன்பைவிட நன்றாக ஆகியிருந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. இந்த வேலையை வீண் என்று சொல்ல மாட்டேன், பாயிண்ட் என்றைக்கானாலும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஐந்து மாலைகள் போயின.

பழைய வண்டிகளோடு வெகு காலமாகப் பழகிய நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பழைய சைலன்சரத் திரும்ப மாட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அதைக் கழற்றப் பட்ட பாடு நினைவுக்கு வந்தது, உள்தகடு கழன்றதைத் திரும்ப மாட்டுவதாவது என்றும் தோன்றியது. ஆனால் சோதனைக்குத்தானே, சத்தம் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். மெயின் ஜெட்டை 90க்கு, நீடில் கிளிப்பை நடுவே மூன்றாவது பள்ளத்துக்கு, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுக்கு என்று எல்லாவற்றையும் பழையபடி வைத்து, பழைய பெண்ட் பைப்பையும் பழைய சைலன்சரையும் மாட்டினேன். ஒரு மணி நேர வேலை.

ஓட்டிப் பார்த்ததும் கதை தெளிவானது. ஆக்சிலேட்டரை விட்டால் வெடிப்பது அடியோடு நின்றுவிட்டது. ஆனால் கால்வாசியில் முன்னும் பின்னும் இழுப்பது நிற்கவில்லை, ஐட்லிங் சூட்டில் ஏறுவதும் நிற்கவில்லை. அப்படியென்றால் என் வண்டியில் இருந்தது ஒரு நோய் இல்லை, இரண்டு. வெடிப்பு புதிய பைப்போடு வந்தது. இழுப்புக்கும் சைலன்சருக்கும் சம்பந்தமே இல்லை, அது அன்றைக்கு நான் கை வைத்த இன்னொரு இடத்திலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே நாளில் தொடங்கியதால் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன.

முதலில் வெடிப்பை எடுத்துக்கொண்டேன். புதிய பைப் ஹெட்டில் செருகியிருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோது, வாய்க்குக் கீழே முதல் இரண்டு ஃபின்களின் (இன்ஜினைக் குளிர்விக்கும் தகடு வரிசை) மேல் மெல்லிய கரிக்கோடு ஒன்று விசிறி போல விரிந்திருந்தது. இரண்டு வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் குனிந்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெர்னியர் வைத்து இரண்டு பைப்பின் முனையையும் நான்கு இடத்தில் அளந்தேன். புதியதன் வெளிவிட்டம் பழையதைவிட 0.7 மி.மீ. குறைவு. கையால் தள்ளியதும் வழுக்கிப் போனதன் காரணம் இதுதான்.

அந்த இடைவெளி வழியாகப் புகை வெளியே வருவது மட்டும் தொந்தரவு இல்லை. ஆக்சிலேட்டரை மூடியதும் பைப்புக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அப்போது சரியாக எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து, சூடான பைப்புக்குள் பற்றிக்கொள்கிறது. அதுதான் பட் பட். இதற்கு எந்த ஜெட்டை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

இடைவெளியை அடைக்க 0.3 மி.மீ. செம்புத் தகடு எடுத்தேன். 15 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, பைப்பைச் சுற்றி நூல் வைத்து அளந்த நீளத்தில், இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சரியாக முட்டும்படி தேய்த்தேன். ஒரு சுற்று 0.6 மி.மீ. சேர்க்கும், மீதி 0.1 பேஸ்ட்டுக்கு. வெட்டிய பட்டை முதலில் வில் போல விறைத்துக்கொண்டு நின்றது, பைப்போடு படியவே இல்லை. கேஸ் அடுப்பில் குறட்டால் பிடித்துச் சிவக்கும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது மேலே கறுப்பாகச் செதில் பூத்திருந்தது, ஆனால் விரலால் அழுத்தினால் தோல் வார் போல வளைந்தது. செதிலை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுச் சுற்றியதும் பைப்போடு ஒட்டிக்கொண்டது. மேலே வெப்பம் தாங்கும் எக்சாஸ்ட் பேஸ்ட் மெல்லியதாகப் பூசி, மரக்கட்டை வைத்துத் தட்டி உள்ளே ஏற்றினேன். இந்தத் தடவை தட்டித்தான் போனது.

மாட்டும் வரிசையும் முக்கியம். முதல் தடவை பின்பக்க பிராக்கெட்டை முதலில் இறுக்கியிருந்தேன், அது பைப்பைக் கொஞ்சம் கோணலாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, ஹெட்டில் பைப் முழுக்க உட்கார்ந்த பிறகு, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கினேன். கடைசி பிராக்கெட்டில் 3 மி.மீ. இடைவெளி வந்தது. போல்ட்டால் இழுத்து மூடாமல் வாஷர் வைத்து நிரப்பினேன். ஒரு ராத்திரி பேஸ்ட் காய விட்டு, மறுநாள் ஸ்டார்ட் பண்ணி, தோல் கையுறை போட்ட கையில் மடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி பொத்திப் பிடித்தேன். கசிவு இருந்தால் ஹெட் பக்கம் உஸ்ஸென்று கேட்கும். கேட்கவில்லை, இன்ஜின் திணறி அணையப் பார்த்தது. வெடிப்பு போய்விட்டது.

அடுத்தது இழுப்பு. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று கசிகிறதா என்று பார்க்க, ஐட்லிங்கில் விட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் ஃபிளாஞ்ச் இணைப்பைச் சுற்றிச் சாதாரணத் தண்ணீரைப் பனி போல அடித்தேன். பலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள், சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. மேல்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப்பக்க நட்டுக்குப் பக்கத்தில் அடித்ததும் இன்ஜின் சத்தம் ஒரு கணம் தடுமாறிச் சட்டென்று இறங்கியது. மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அதே இடத்தில் அதே தடுமாற்றம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதி பெரிது.

கழற்றி ஃபிளாஞ்சைக் கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தால் ஆடியது. நடுவில் 0.15 மி.மீ. ஃபீலர் தாராளமாக உள்ளே போனது. நட்டு ஏறும் இரண்டு காதும் ஹெட் பக்கமாக வளைந்து, நடுப்பகுதி தூக்கி நின்றது. நட்டை அப்படி முடுக்கினால் மென்மையான வார்ப்பு வேறு என்ன செய்யும்? கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கும் ஒரு பக்கம் தட்டையாகி, விரலால் அழுத்தினால் திரும்ப எழவில்லை, சுத்தம் பண்ணும்போது அதையே திரும்பப் போட்டிருக்கிறேன்.

தட்டையாக்க 400 நம்பர் எமரி தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஃபிளாஞ்சை எட்டு வடிவத்தில் தேய்த்தேன். அதற்கு முன் ஜெட், நீடில், மிதவை எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை டேப் போட்டு மூடிவிட வேண்டும். முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தால் எங்கே இன்னும் படவில்லை என்று தெரியும். முதலில் இரண்டு காதின் ஓரத்தில் மட்டும் மை போனது, பத்து நிமிடத்துக்குப் பின் உள்பக்கம் நகர்ந்தது, நாற்பது நிமிடத்தில் முழுக்கப் போனது. அப்புறம் பெட்ரோலால் இரண்டு தடவை கழுவி ஊதினேன். நடுவில் வரும் இன்சுலேட்டர் கட்டையையும் இரு பக்கமும் பார்த்தேன், அது தட்டையாகவே இருந்தது. ஓ ரிங்கின் பள்ளமும் கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கும் என்பதால், புது ஓ ரிங் முகத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேன், சுமார் அரை மி.மீ. நின்றது. இந்தத் தடவை சிறிய ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து, ஒரு நட்டு கால் சுற்று, அடுத்தது கால் சுற்று என்று மாற்றி மாற்றி, ரிங் அழுந்தி முகமும் முகமும் சேர்ந்ததும் விட்டுவிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணியதும் ஐட்லிங் மிகவும் தாழ்ந்து நின்றுபோனது. அதுவே நல்ல அடையாளம், ஏனென்றால் இதுவரை திருட்டுக் காற்றுக்கு ஈடுகட்டத்தான் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகி வைத்திருந்தேன். இரண்டையும் புதிதாக வைத்தேன். சூடான பிறகும் ஐட்லிங் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றது.

இதற்குப் பிறகுதான் ஜெட்டைத் தொட எனக்கு உரிமை வந்தது என்று சொல்வேன். கசிவு இல்லாத நிலையில் 90 ஜெட்டோடு, காலி ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் சில நொடி பிடித்து, அப்படியே கிளட்சை அழுத்தி இன்ஜினை அணைத்து, ஓரம் நிறுத்திப் புது பிளக்கைப் பார்த்தேன். பீங்கானின் நுனியைவிட அடியில் தெரியும் வளையத்தைத்தான் நம்புகிறேன், அங்கே கரி வளையமே விழவில்லை. 95 போட்டதும் மெல்லிய பழுப்பு வளையம் வந்தது, இழுவையும் முழுமையானது. 100 போட்டுப் பார்த்தேன், வளையம் தடிமனாகிக் கறுத்தது, வேகமும் கூடவில்லை. 95க்கே திரும்பினேன். கால் கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் நடுவே லேசான தயக்கம் இன்னும் இருந்ததால், நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே, மேலிருந்து நான்காவதற்கு இறக்கினேன். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். தயக்கம் போனது. ஏர் ஸ்க்ரூ ஒன்றே கால் சுற்றில் நின்றது. விஎம் கார்புரேட்டரில் இது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் அதிகமாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான் முதல் நாள் நேர்மாறாகத் திருகி ஒரு மணி நேரம் குழம்பினேன்.

110 வரை போய்விட்டு 95இல் முடிந்திருக்கிறது. இந்த சைலன்சர் கேட்டது ஜெட்டில் ஒரே ஒரு படியும் நீடிலில் ஒரு பள்ளமும்தான்.

சைலன்சரோடு தனியாக ஒரு உள்குழாய் கொடுத்திருந்தார்கள், சத்தத்தைக் குறைப்பதற்கு. முதலில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் மாட்டியிருந்தேன். இப்போது அதையும் போட்டுப் பார்த்தேன். மேட்டில் மூன்றாவது கியரில் மெதுவாக ஏறும்போது இருந்த இழுவைக் குறை பாதிக்கு மேல் போனது, காதுக்கும் சுகமாக இருக்கிறது. பிளக் நிறம் மாறவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நேரக் கணக்கு: குறித்து வைத்தபடி மொத்தம் 27 மணி நேரம். இதில் செம்புப் பட்டை 2 மணி, ஃபிளாஞ்ச் தேய்த்து மாட்டியது 2 மணி, கடைசி ஜெட் வேலை 3 மணி. பழையதை மாட்டிப் பார்த்த ஒரு மணியையும் சேர்த்தால் 8. பொருள் கணக்கில் ஒரு ஓ ரிங், ஒரு துண்டு செம்புத் தகடு, பேஸ்ட், 95 ஜெட் ஆகியவைதான் வண்டியைச் சரிசெய்தன. 100, 110 ஜெட்டுகளும் நன்றாகவே இருந்த பழைய கண்டன்சரும் டப்பாவில் கிடக்கின்றன.

அடுத்த தடவை சைலன்சர் மாற்றினால் அன்றைக்குக் கார்புரேட்டரைத் தொட மாட்டேன். பைப் வந்ததும் மாட்டுவதற்கு முன்பே இரண்டு முனையையும் வெர்னியரில் அளப்பேன், வித்தியாசம் 0.2க்கு மேல் இருந்தால் பட்டை தயார் செய்த பிறகே மாட்டுவேன். மிஸ் அடித்தால் முதல் நாளே பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பேன். அதற்காகவே பழைய பெண்ட் பைப்பை எறியாமல் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறேன். செம்புப் பட்டை சூட்டில் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று 1000 கிலோமீட்டரில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இப்போது 140 ஓடியிருக்கிறது, ஃபின்களில் கரிக்கோடு இல்லை.